பழைய படிவமும் புதிய கெர்னலும்

ஊரைவிட்டு வந்து தில்லியிலும் நாகபுரியிலும் கொல்கத்தாவிலும் குடியேறிய நம்மவர்களுக்கு, என்றாவது ஒரு நாள் ஊர்க் காகிதம் ஒன்று தேவைப்பட்டே தீரும். பிறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா நகல் என ஏதேனும் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன், தில்லியில் என் அண்டை வீட்டுப் பெரியவர் ஒருவர் தம் தகப்பனார் பெயரில் இருந்த பழைய பட்டா நகலை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணியாற்றுகின்றவன் ஆதலின், இத்தகைய காகிதங்கள் என் வீட்டு வாயிலுக்கு வருவது வழக்கம்.

அந்த நகலில் ‘பசலி 1395’ என்று எழுதியிருந்தது. வங்கியில் இருப்பவர் அதனை ஆங்கில ஆண்டு என்று கொண்டால், நிலம் விசயநகர அரசர் காலத்தது ஆகிவிடும்! பசலியோடு 590ஐக் கூட்டவேண்டும்; பசலி 1395 என்பது 1985 ஜூலையில் தொடங்கி 1986 ஜூனில் முடிந்த ஆண்டு. நான் அவ்வாறே எழுதிக் கொடுத்தேன். வங்கிக்காரர் பசலி கற்கவில்லை. ஊரில் கையொப்பமிட்ட வட்டாட்சியர் பணி ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டமையால் அவரிடம் புதிய முறையில் எழுதித் தருமாறு கேட்கவும் இயலாது. இடையில் நின்ற ஒரு பக்க மொழிபெயர்ப்பு இரு பக்கத்தாரையும் இணைத்தது.

இச்சிறு நிகழ்ச்சியை இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. கணிப்பொறி உயிர் பெற்று எழும் அந்தச் சில நொடிகளில் அதன் உள்ளேயும் இதே சிக்கல் தோன்றுகிறது. இதே முறையில்தான் தீர்க்கவும் பெறுகிறது. பழைய பொறியையும் புதிய நிரலையும் இணைத்து வைக்கும் அந்த மொழிபெயர்ப்பைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறேன்.

கணிப்பொறியின் மின் பொத்தானை அழுத்தியவுடன் நடப்பது யாது? அதன் நினைவகம் அப்பொழுது வெறுமையாக இருக்கும். மின்சாரம் நின்றாலும் அழியாத ஒரு சில்லில் எழுதி வைக்கப்பட்டுள்ள ஒரு சிறு நிரல் முதலில் விழித்துக்கொள்கிறது. இதற்குப் பூட்லோடர் என்று பெயர். இயக்க முறைமையின் நடுநாயகமான பகுதியை, அதாவது கெர்னல் என்பதனை, வட்டிலிருந்தோ வேறு சேமிப்பிடத்திலிருந்தோ எடுத்து நினைவகத்தில் வைத்து, ‘இனி நீ ஆட்சி செய்க’ என்று ஒப்படைப்பதே அதன் வேலை. ஒப்படைத்தபின் அதற்கு அலுவல் இல்லை.

ஆனால் ஆட்சியை ஒப்படைக்கும்போது சில செய்திகளையும் ஒப்படைத்தாக வேண்டும். நினைவகம் எவ்வளவு, அது எந்த முகவரியில் தொடங்குகிறது, கோப்புகள் இருக்கும் வட்டு எது, திரைக்கோ தொடர் கம்பிக்கோ எங்கே செய்திகளை எழுதுவது என்பன அவற்றுட் சில. நாம் மேசை மீது வைத்திருக்கும் வழக்கமான கணிப்பொறிகளில், இவற்றைக் கேட்டறிவதற்கு ஓரளவு பொதுவான முறை உண்டு. ‘ஆர்ம்’ என்னும் வகைச் செயலிகளைக் கொண்ட சிறு பொறிகளிலோ அத்தகைய பொது முறை நெடுங்காலம் இல்லை. ஒவ்வொரு பொறியும் ஒவ்வொரு விதம். ஆதலின் பூட்லோடர் எழுதி வைக்கும் குறிப்பு ஒன்றே கெர்னலுக்குக் கண். அக்குறிப்பைத் தவறாகப் படித்தால், இல்லாத நினைவகத்தை இருப்பதாக நம்பிக் கெர்னல் அதில் எழுத முற்படும், பொறி எழுந்திராது. பிழைச் செய்தி ஒன்றைக் காட்டும் அளவுக்குக்கூட அது உயிர் பெறாமற் போகலாம்.

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னலை, ஆர்ம் செயலிகளில் ஓடுமாறு செய்தவர் ரஸ்ஸல் கிங் என்னும் ஆங்கிலேயர். 1994ஆம் ஆண்டில் அவர் அப்பணியைத் தொடங்கினார். அக்காலத்தில் பூட்லோடர் தரும் குறிப்பு ஒரு நிலையான படிவமாக இருந்தது. நம் அலுவலகப் படிவங்களைப் போல அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் இடம். முதற் கட்டத்தில் நினைவகப் பக்கம் ஒன்றின் அளவு. இரண்டாவதில் அத்தகைய பக்கங்களின் எண்ணிக்கை. பின்னர் பிற செய்திகள். ஈற்றில் கட்டளை வரி.

கட்டங்கள் நிலையானவை என்பது தொடக்கத்தில் வசதியாகவே தோன்றும். குறை பின்னர்தான் தெரியும். புதிதாக ஒரு செய்தி சொல்ல வேண்டுமாயின் அதற்குக் கட்டம் இராது. நடுவில் ஒரு கட்டத்தை நுழைத்தாலோ, பின்னுள்ளவை எல்லாம் இடம் மாறிவிடும். ஒரு பொறிக்கு வேண்டாத கட்டங்கள் வெற்றிடமாகக் கிடக்கும். வேறொரு பொறிக்கு வேண்டிய கட்டம் அங்கே இராது.

ஆகவே அதனை விடுத்து வேறொரு முறை வகுக்கப்பட்டது. அதனைச் சீட்டுப் பட்டியல் என்று நாம் சொல்லலாம். கெர்னல் எழுதுவோர் ‘ஏ-டேக்’ என்பர். இதில் ஒவ்வொரு செய்தியும் ஒரு தனிச் சீட்டு. ஒவ்வொரு சீட்டின் தலைப்பிலும் இரண்டு எண்கள் உண்டு: இச்சீட்டு எவ்வளவு நீளம் என்பது ஒன்று, இது எவ்வகைச் சீட்டு என்பது மற்றொன்று. நினைவகத்துக்கு ஒரு சீட்டு, கட்டளை வரிக்கு ஒரு சீட்டு என வேண்டிய அளவு கோத்துக்கொண்டே போகலாம். கெர்னலுக்குத் தெரியாத சீட்டு ஒன்று இடையில் வந்தாலும் கேடில்லை. அதன் நீளம் தலைப்பிலேயே இருப்பதால், ‘இது எனக்குப் புரியவில்லை’ என்று ஓர் எச்சரிக்கை எழுதிவிட்டு அடுத்த சீட்டுக்குத் தாவிவிடும். முதற் சீட்டு எப்போதும் ஒரு குறிப்பிட்ட அடையாள எண்ணைத் தாங்கியிருக்கும். கடைசிச் சீட்டு வெறுமையாக இருந்து முடிவைக் காட்டும்.

புதிய முறை சிறந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் பழைய படிவத்தையே எழுதிக் கொடுக்கும் பூட்லோடர்கள், முன்னரே விற்கப்பட்ட பொறிகளின் சில்லுகளில் உறைந்து கிடந்தன. கெர்னலை மாற்றுவது எளிது; அது வட்டில் உள்ள ஒரு கோப்பு. பூட்லோடரை மாற்றுவது அவ்வாறன்று. எழுதிக்கொண்டிருக்கையில் மின்சாரம் நின்றாலோ, பொருந்தாத ஒன்றை எழுதிவிட்டாலோ, பொறியை எழுப்புவதற்கு உள்ளே எதுவுமே இராது. சில பொறிகளில் அதனை மாற்றுவதற்கு உற்பத்தியாளரே இடந்தருவதில்லை. வேறு சிலவற்றில், மாற்றித் தருவதற்கு உற்பத்தி செய்த நிறுவனமே இன்று இல்லை. ஓய்வு பெற்ற வட்டாட்சியரிடம் மறுபடி பட்டா எழுதித் தருமாறு கேட்பது போன்றதுதான் இதுவும்.

இந்நிலையில் இரண்டு வழிகளே கண்முன் நின்றன. பழைய பொறிகளைக் கைவிடுவது ஒன்று. கெர்னலின் எல்லாப் பகுதிகளிலும் ‘பழைய படிவமானால் இவ்வாறு, புதிய சீட்டானால் அவ்வாறு’ என்று எழுதி வைப்பது மற்றொன்று. முன்னது பொறி வைத்திருப்பவருக்குக் கொடுமை. பின்னது நிரல் எழுதுவோருக்குக் கொடுமை. ரஸ்ஸல் கிங் மூன்றாவது வழியைக் கண்டார். பழைய படிவத்தைப் பற்றிய அறிவு முழுவதையும் ஒரே கோப்பில் ஒதுக்கி வைத்தார். அக்கோப்பின் வேலை மொழிபெயர்ப்பு. பழைய படிவம் வந்தால், அதனைச் சீட்டுப் பட்டியலாக மாற்றி எழுதி உள்ளே அனுப்பிவிடும். உள்ளே உள்ளவர்கள் சீட்டுப் பட்டியலை மட்டுமே அறிவார்கள். பழைய படிவம் ஒன்று இருந்தது என்பதே அவர்களுக்குத் தெரியாது. இவ்வளவு பெரிய பொறுப்பை ஏற்ற அக்கோப்பு ஏறத்தாழ இருநூறு வரிகளே கொண்டது.

மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில், அக்கோப்பின் செயல்முறையில் மூன்று செய்திகள் என் கருத்தைக் கவர்ந்தன.

முதலாவது, மொழிபெயர்க்குமுன் வந்திருப்பது எந்த மொழி என்று அறிந்துகொள்ளும் முறை. புதிய பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருக்க வேண்டியது அந்த அடையாள எண். அதன் மதிப்பு ஏறத்தாழ 141 கோடி. பழைய படிவத்தில் அதே இரண்டாம் இடத்தில் இருப்பதோ நினைவகப் பக்கங்களின் எண்ணிக்கை. ஒரு பக்கம் 4,096 பைட்டு. 32 பிட்டு முகவரி கொண்ட பொறி எட்டக்கூடிய எல்லை முழுவதையும் கணக்கிட்டாலும் பக்கங்கள் 10,48,576க்கு மேல் போகா. ஆதலின் அவ்விடத்தில் 141 கோடி என்ற எண்ணைக் கண்டால், அது பக்கக் கணக்காக இருக்கவே முடியாது. புதிய பட்டியல்தான் என்பது உறுதி. காணாவிடில், பழைய படிவமாக இருக்கலாம். அப்பொழுதும் கெர்னல் உடனே நம்பிவிடுவதில்லை. முதற் கட்டத்தில் பக்க அளவு சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று பார்க்கிறது. இல்லையெனில், படிவம் கெட்டிருக்கிறது என்று எச்சரித்துவிட்டு, அதனை ஒதுக்கி வைத்துத் தன்னால் இயன்றவரை மேலே செல்ல முயல்கிறது.

இரண்டாவது, மூலத்தில் உள்ளதை அப்படியே நம்பாமை. கனடா நாட்டுக் கோரல் நிறுவனம் 1998ஆம் ஆண்டு வாக்கில் நெட்விண்டர் என்னும் சிறு கணிப்பொறியை வெளியிட்டது. அதன் பூட்லோடர் தரும் படிவத்துக்கென்றே இக்கோப்பில் ஒரு தனிச் சோதனை உண்டு. நினைவகம் 32, 64, 128, 256 மெகாபைட்டு ஆகிய நான்கனுள் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு எண் காணப்பட்டால், தரப்பட்ட குறிப்பு பிழையானது என்று எச்சரித்து, 16 மெகாபைட்டு மட்டுமே உள்ளதாகக் கெர்னல் வைத்துக்கொள்ளும். உள்ளதைக் குறைத்துக் கொண்டால் பொறி மெதுவாக ஓடும். இல்லாததை உண்டென்று கொண்டால் பொறி ஓடவே ஓடாது. ஐயம் நேர்ந்த இடத்தில் தீங்கு குறைந்த பக்கம் சாய்வதே அறிவுடைமை.

மூன்றாவது, ஒவ்வோர் ஊர் வழக்கையும் மதித்தல். ஏகார்ன் நிறுவனத்தின் ரிஸ்க்-பிசி என்னும் பொறியில், நினைவகம் நான்கு தனித்தனிப் பிரிவுகளாக இருந்தது. மற்றப் பொறிகளுக்கு ஒரே நினைவகச் சீட்டு எழுதும் இக்கோப்பு, ரிஸ்க்-பிசிக்கு மட்டும் நான்கு சீட்டுகள் எழுதுகிறது. சொல்லுக்குச் சொல் பெயர்ப்பது மொழிபெயர்ப்பன்று என்பதை நாங்கள் அலுவலகத்தில் அடிக்கடி சொல்லிக்கொள்வோம். இங்கும் அதுவே உண்மையாகிறது.

இனி, இக்கதையின் சுவையான பகுதிக்கு வருவோம். 2001ஆம் ஆண்டில் ரஸ்ஸல் கிங் அக்கோப்பின் தலைப்பில் ஒரு குறிப்பு எழுதினார். பழைய படிவம் வழக்கொழிக்கப்பட்டது என்றும், பூட்லோடர்கள் புதிய முறைக்கு மாறுவதற்கு அவகாசமாக இன்னும் ஐந்து ஆண்டுகள் அது கெர்னலில் இருக்கும் என்றும் அதில் கூறினார். அரசாணை போலத் தெளிவான அறிவிப்பு. 2006 வந்தது, கடந்தும் போயிற்று. ஆனால் அக்கோப்பு அகற்றப்படவில்லை. அதற்குப் பின்னும் பத்தாண்டுக்கு மேல் அது கெர்னலின் மூலநிரலில் தன் இடத்தில் இருந்தது. கெர்னலைத் தொகுப்பவர் விரும்பினால் அதனைச் சேர்த்துக்கொள்ளலாம், வேண்டாதவர் விட்டுவிடலாம் என்பது மட்டுமே ஏற்பட்ட மாறுதல். அந்தத் தெரிவுக்குத் தரப்பட்ட விளக்கத்திலும், ஐந்தாண்டு வாக்கும் சொல்லப்பட்டிருந்தது. இன்னும் சில பழைய பூட்லோடர்கள் இதனைப் பயன்படுத்துகின்றன என்பதும் சொல்லப்பட்டிருந்தது.

இதனைச் சோம்பல் என்று சிலர் கருதலாம். நான் அவ்வாறு கருதவில்லை. கெடு விதிப்பவர் காலண்டரைப் பார்த்து விதிக்கிறார். ஆனால் பொறி வைத்திருப்பவர் காலண்டரைப் பார்த்து அதனைத் தூக்கி எறிவதில்லை. ஓடும் வரை ஓட்டுகிறார். நம் வீட்டுத் தையற்பொறியும் சுவர்க்கடிகாரமும் அவ்வாறுதானே இருந்து வருகின்றன? அவருடைய பொறிக்குப் புதிய கெர்னல் கிடைக்காவிடில், புதிதாகக் கண்டுபிடிக்கப்படும் பாதுகாப்புக் குறைகளுக்குரிய திருத்தங்களும் கிடைக்கா. திருடன் நுழையும் வழி தெரிந்தும் தாழ்ப்பாள் போட முடியாத வீடு போல் ஆகிவிடும்.

அப்படியாயின் பழையன அனைத்தையும் என்றென்றும் சுமந்துகொண்டிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். வேண்டியதில்லை. 1991இல் லினக்ஸ் பிறந்ததே இன்டெல் நிறுவனத்தின் 386 என்னும் செயலியில்தான். ஆயினும் அச்செயலிக்கான ஆதரவு 2012 டிசம்பரில் நீக்கப்பட்டது. 2013 பிப்ரவரியில் வெளிவந்த 3.8 பதிப்பு, தாய் மடியான 386இல் ஓடாது. தாயை மறந்த பிள்ளை என்று சொல்லத் தோன்றும். ஆனால் காரணம் உண்டு. 386இல் இல்லாத சில ஆணைகளுக்காக, கெர்னலின் உட்பகுதிகளில் மாற்று வழிகளை எழுதி வைத்திருக்க வேண்டியிருந்தது. ஏனையோர் செய்யும் பணிகளிலெல்லாம் அது குறுக்கிட்டது.

இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகிறது. ஒன்று எவ்வளவு பழையது என்பது கேள்வியன்று. அது எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. வீடு முழுவதும் பரந்து கிடக்கும் பழம்பொருள் எல்லாருடைய காலிலும் இடறும். வாயிலருகே ஓர் அலமாரியில் அடங்கிய பழம்பொருள் யாருக்கும் இடையூறன்று. பழைய படிவம் நீண்ட காலம் பிழைத்திருந்ததற்குக் காரணம், தொடக்கத்திலேயே அது ஒரே கோப்பில் அடக்கி வைக்கப்பட்டதுதான்.

கதை இத்துடன் முடியவில்லை. புதியது என்று வந்த சீட்டுப் பட்டியலும் ஒரு நாள் பழையதாயிற்று. ஆர்ம் பொறிகள் நூற்றுக்கணக்கில் பெருகின. ஒவ்வொரு பொறிக்கும் கெர்னலுக்குள்ளேயே தனித்தனி விவரக் கோப்புகள் குவிந்தன. 2011 மார்ச்சில் டார்வால்ட்ஸ் இந்நிலையைக் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் ஆர்ம் பொறிகள் ‘டிவைஸ் ட்ரீ’ என்னும் கருவி மரத்தின் பக்கம் விரைந்து திரும்பின. பொறியில் உள்ள உறுப்புகள் அனைத்தையும் கிளை கிளையாக விவரிக்கும் தனிக் கோப்பு அது. 2012 டிசம்பரில் வெளிவந்த 3.7 பதிப்பில் 64 பிட்டு ஆர்ம் செயலிகளுக்கான ஆதரவு சேர்க்கப்பட்டபோது, சீட்டுப் பட்டியலுக்கு அங்கே இடமே தரப்படவில்லை.

அப்பொழுதும் அதே கேள்வி எழுந்தது: சீட்டுப் பட்டியல் மட்டுமே எழுதத் தெரிந்த பூட்லோடர்களை என்செய்வது? எடுத்துக்காட்டாக, 2009ஆம் ஆண்டில் வெளிவந்த நோக்கியா என்900 என்னும் கைப்பேசியின் பூட்லோடர் அத்தகையது. விடையும் அதே விடைதான். கருவி மரத்தைக் கெர்னலின் வாலில் ஒட்டிவைப்பதற்கு ஒரு வழி செய்தார்கள். சுருக்கி வைக்கப்பட்ட கெர்னல் விரிவதற்கு முன்பே, பூட்லோடர் தந்த சீட்டுகளிலிருந்து நினைவக அளவையும் கட்டளை வரியையும் தொடக்க வட்டின் முகவரியையும் எடுத்து அம்மரத்தின் உரிய கிளைகளில் எழுதிவிடும் ஒரு மொழிபெயர்ப்பும் சேர்க்கப்பட்டது. இதுவும் வாயிலிலேயே முடிந்துவிடும் வேலை. உள்ளே உள்ள கெர்னல் மரத்தை மட்டுமே காணும். பழைய படிவத்தைச் சீட்டாக மாற்றிய அறிவே, சீட்டை மரமாக மாற்றவும் பயன்பட்டது.

நேயர்களே, இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது யாது? புதிய முறை வகுப்போர், பழைய முறையில் இருப்பவர்களை இழிந்தவர்களாகக் கருத வேண்டியதில்லை. அவர்களுக்காகத் தம் வீடு முழுவதையும் பழைய முறையில் வைத்திருக்கவும் வேண்டியதில்லை. வந்திருப்பது எம்மொழி என்று ஐயமற அறிந்து, வாயிலிலேயே மொழிபெயர்த்து, ஐயமுள்ள இடத்தில் எச்சரித்து, உள்ளே ஒரே மொழியில் நடந்துகொண்டால் போதும். இன்று நாம் வகுக்கும் புதிய முறையும் நாளை யாரோ ஒருவர் மொழிபெயர்க்க வேண்டிய பழைய படிவம் ஆகும் என்பதையும் மறவாதிருத்தல் நன்று.

என் அண்டை வீட்டுப் பெரியவருக்குக் கடன் கிடைத்தது. பட்டா நகலை வங்கியில் வாங்கி வைத்துக்கொண்டார்களா என்று அவரைக் கேட்டேன். ‘இல்லை ஐயா, உங்கள் மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு மூலத்தை என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்கள்’ என்றார். மூலத்தைப் பத்திரமாக வைத்திருக்கும்படி சொல்லி அனுப்பினேன். மற்றோர் அலுவலகம், மற்றொரு படிவம் கேட்கும் நாள் வந்தே தீரும்.